இருநூற்றுப் பதினேழாம் பக்கம்

மனிதரின் முழுக் கதையும்
ஒரு கிலோ முந்நூறு கிராம்.
மேல்விஷாரம் மளிகைக் கடைத் தராசில்
முபீனா விளையாட்டாக வைத்துப் பார்த்தாள்.
"இன்னாக்கா, இவ்ளோ கனம் கீது,
கடைசில இன்னாதான் ஆவுது?"
இன்னும் நெருப்பே வரவில்லை என்றேன்.

வேலூர் நூலகத்தில் எடுத்தது,
இரண்டு முறை புதுப்பித்தாயிற்று.
விருதம்பட்டில் கம்பெனி வேன் ஏறி
ஜன்னலோரம் இடம் பிடித்தால்
ரத்தினகிரி வருவதற்குள் ஓர் ஆயிரம் ஆண்டு.
நடு சீட்டில் நெருக்கினால்
வரலாறு நகராது.

எனக்கு முன்பு படித்த யாரோ
ஊதா மையில் ஓரங்களில்
"ஆதாரம்?" "ஆதாரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.
நாலாம் அத்தியாயத்தில் அவருக்கு மை தீர்ந்தது,
அல்லது சந்தேகம்.

எழுதியவர் நல்லவர்தான்.
பக்கத்துக்குப் பக்கம் என்னையும் சேர்த்துக்கொள்கிறார்.
நாம் நடந்தோம் என்கிறார்.
நாம் நெருப்பை அணையாமல் காத்தோம்.
நாம் பசியிலும் விதையைத் தின்னாமல் வைத்திருந்தோம்.
அந்த இடத்தில் மூடிவிட்டு
வெளியே பார்த்தேன். பாலாற்றுப் பாலம்.
கீழே ஒருவர்
மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார், எதற்கோ.

கால் சூம்பிய பையன் ஒருவனின் எலும்பு பற்றி
ஒரு பத்தி வருகிறது.
"பன்னிரண்டு வயது வரை யாரோ அவனைச் சுமந்திருக்க வேண்டும்."
யாரோ இல்லை சார், சித்தி
என்று பென்சிலில் எழுதினேன்.
தங்கை மகனைப் பாகாயம் ஆஸ்பத்திரிக்குத்
தூக்கித் தூக்கிச் சாய்ந்த இடுப்பு எனக்கு.
ஊதா மைக்காரர் கேட்டால்
இதுதான் ஆதாரம்.

இருநூற்றுப் பதினேழில் வந்தது என் தொழில்.
ஒன்றரை வரி.
"தோல் பதனிட்டவர்கள் ஆறு ஊரைத் தாண்டும் இடத்தில்
குடியமர்த்தப்பட்டனர்.
அவர்கள் மேல் நாற்றம் நிலைத்திருந்தது."

இருநூற்றுப் பதினாறு பக்கம்
நாம் நாம் என்று தோளில் கை போட்டு நடந்தவர்
இங்கே கையை எடுத்துவிட்டார்.

நாற்றம் உண்மை. அதில் சண்டை இல்லை.
குடியமர்த்தப்பட்டனர்,
யாரால்?
ப்ளஸ் டூ பெயிலான எனக்கே தெரிகிறது,
செயப்பாட்டு வினைக்குப் பின்வாசல் உண்டு,
செய்தவர் அதன் வழியாகப் போய்விடலாம்.

என் வேலையும் படிப்பதுதான்.
டிரம்மிலிருந்து நீலமாய் வரும் ஈரத்தோலை
மேஜையில் விரித்து, விரலால்
உண்ணி கடித்தது, முள் கிழித்தது,
தார்க்குச்சி குத்தியது என்று தடவித் தடவி
முதல் தரம், மூன்றாம் தரம் என முத்திரை வைப்பேன்.
ஒரு மாடு பட்டதைச் சொல்லவே
ஒன்றரை வரி போதாது.

பின்னட்டையில் எழுதியவர் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறார்.
பெல்ட் தெரிகிறது.
எருமை. இரண்டாம் தரம்.
வயிற்றுப் பக்கத்துத் தோல், சீக்கிரம் நெகிழ்ந்துவிடும்.
அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அவர்கள்" மேல் கோடு இழுத்து
"நாம்" என்று எழுதிப் பார்த்தேன்.
அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு
பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.
அழித்துவிட்டு "நாங்கள்" என்று எழுதினேன்.
இப்போது கதவுக்கு வெளியே அவர்.
பாவமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

சாப்பாட்டு வேளையில் முபீனாவுக்குப் படித்துக் காட்டினேன்.
கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
அவள் டிபன் பாக்ஸைக் கழுவியபடி,
குழாயடியிலிருந்து சுவரோரக் கால்வாய்க்கு
ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"ஊரத் தாண்டின ஆறு
நம்மளயும் தாண்டிக்கினு எங்க போவுது?
அங்க யாரு கீறாங்கன்னு எழுதிக்கீறாரா?"

ஈரக் கையோடு பக்கத்தைப் புரட்டினேன்.

இருநூற்றுப் பதினெட்டில்
நாம் கண்ணாடி செய்யக் கற்றிருந்தோம்.